அது கடம் இல்லை, கோயில் தூண்

நேற்றிலிருந்து அந்த வீடியோவைப் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். கர்நாடகாவில் ஹம்பி விட்டலா கோயிலில் தடுப்பைத் தாண்டி ஏறி, தட்டினால் இசைபோல ஒலிக்கும் கல்தூணில், அந்த இசைத்தூணில், ஒருவர் பைக் சாவியால் தாளம் போடுகிறாரே, அதுதான். "நீங்க போன இடமாச்சே" என்று அன்போடுதான் அனுப்பினீர்கள். என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

தூணைத் தட்டாதீர்கள். சாவியால் மட்டும் இல்லை, விரலாலும் தட்டாதீர்கள்.

அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். ஹோஸ்பேட்டில் பஸ் பிடித்து, ஹம்பி கடைத்தெருவில் இறங்கி, பையைச் சுமந்துகொண்டு துங்கபத்திரைக் கரையோரமாக நடந்தே போவேன். வெயில் ஏறினால் பாறைச் சூடு செருப்பைத் தாண்டி வரும். தண்ணீர் தீர்ந்துபோகும், பை தோளை அறுக்கும். துலாபார வளைவைத் தாண்டிக் கோபுரம் கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்துவிடும். 50 ரூபாய் நோட்டில் இருக்கும் அந்தக் கல்தேர் முன்னால் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நான் மண்டபத்துக்குக் கீழே நின்று தூண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"விஜயநகரத்தையே அழிச்ச 1565 போரையே தாங்கின கல், சாவிக்கா உடையும்?" என்கிறார் ஒரு நண்பர். தாங்கியதா? அங்கே உடைந்து கிடக்கும் சிலைகளை ஒருநாள் நடந்து பாருங்கள். மிச்சம் நிற்பதையும் நாம் தட்டிப் பார்க்க வேண்டுமா? 2019இல் அதே ஹம்பியில் தூணைத் தள்ளிவிட்ட நான்கு இளைஞர்களுக்கு நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டது, அவர்களை வைத்தே தூணை நிறுத்தவும் சொன்னது. அதையாவது நிறுத்த முடிந்தது. இசைத்தூண் முறிந்தால் அந்த ஓசையை எங்கே போய் வாங்குவது?

"அப்போ பூட்டியே வைக்கலாமே" என்பவர்களுக்கு: உள்ளே நின்று பார்க்க எனக்கு ஆசை இல்லையா? தடுப்பு வந்ததே தட்டியவர்களால்தான்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதில், நெல்லையப்பர் கோயிலில் அப்பா தூணைத் தட்டி, காதை வைத்துக் கேட்கச் சொன்னார். கல் குளுகுளுவென்று இருந்தது. ஓசை பல்லுக்குள் இறங்கியது. நான் பழைய கோயில்களைத் தேடி அலைவது அன்றைக்குத் தொடங்கியதுதான். "உங்கப்பா தட்டினது மட்டும் சரியா?" என்பீர்கள். சரியில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. அவர் விரல் பட்ட இடம் அப்போதே தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அப்பா போன பிறகு ஒருமுறை அங்கே போனேன். தட்டவில்லை. அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

அந்த வீடியோவுக்குக் கீழே "செம பீட்டு" என்று போட்டவர்களில் இரண்டு பேர் என்னோடு அந்த ஆற்றங்கரையில் நடந்து வந்தவர்கள். தூணைத் தொடக்கூடாது என்ற பலகையை என் பக்கத்தில் நின்று படித்தவர்கள்.