வோல்-ஈ சின்னப்பிள்ளைப் படம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில், டிஸ்னியின் பிக்சார் நிறுவனம் எடுத்த அனிமேஷன் படமான வோல்-ஈயின் திரையிடல் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியதும் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும், முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. "கார்ட்டூன் பார்க்கவா இவ்வளவு பேரைக் கூப்பிட்டனீங்கள்?" என்று ஒரு ஐயா ஒலிவாங்கியில் கேட்டார், நாலைந்து பேர் சிரித்தார்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எழும்பிப் போய் வாசலில் நின்று போன் கதைத்தவர் அவர். வயதுக்கு மரியாதை கொடுத்து அங்கே வாய் திறக்கவில்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

வோல்-ஈ சின்னப்பிள்ளைப் படம் இல்லை. பிள்ளைகளும் பார்க்கக்கூடிய படம், அது வேறு. மனிதர்கள் பூமியைக் குப்பையாக்கிவிட்டுக் கப்பலேறிப் போய் 700 வருடங்களுக்குப் பிறகும் வோல்-ஈ என்ற ஒரு ரோபோ மட்டும் தனியாக அந்தக் குப்பையை அள்ளி, வயிற்றுக்குள் அமுக்கிக் கட்டியாக்கி, அடுக்கிக்கொண்டே இருக்கிறது. முதல் அரை மணித்தியாலத்தில் வசனம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே கிடையாது. சாப்ளின், கீட்டன் ஆகியோரின் ஊமைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் பிக்சார்காரர்கள் இதைச் செய்தார்கள். சாப்ளினைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாராவது ஒதுக்குகிறோமா? இயக்குநர் அன்ட்ரூ ஸ்டான்டன் பேஸ்போல் பார்க்கப் போன இடத்தில் கையிலிருந்த தொலைநோக்கியைத் திருப்பி, அதைச் சரித்தும் மடக்கியும் பார்த்து, இதிலேயே சோகமும் சந்தோஷமும் வருகிறதே என்று கண்டுபிடித்ததுதான் வோல்-ஈயின் கண்கள். வாய் இல்லை, மூக்கு இல்லை. அந்த இரண்டு குழாய்கள் கொஞ்சம் கீழே சரிந்தால் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. இதைச் செய்ய எவ்வளவு சினிமா தெரிந்திருக்க வேண்டும்!

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எந்த ஆங்கிலப் படம் பார்த்தாலும் பக்கத்தில் இருந்து நான் கதை சொல்லவேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஓரிரவு, லப்டொப்பில் மிச்சமிருந்த சார்ஜில் இதைப் போட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குப்பைக்குள் வைர மோதிரம் கிடைக்க, அதைத் தூக்கியெறிந்துவிட்டு மோதிரப் பெட்டியைத் திறந்து மூடி ரசித்து வோல்-ஈ எடுத்து வைக்கும் அல்லவா, அந்த இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னை மாதிரித்தான் இதுவும்" என்றார். எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் வெறும் பால்மாப் பேணிகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். விடியத் தன் சூரியத் தகடுகளை விரித்து வோல்-ஈ சார்ஜ் ஏற்றுவதைப் பார்த்து, "எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது" என்றார். எழுபது வயது தாண்டிய மனுஷி அவர். அவரையும் சின்னப்பிள்ளை என்பீர்களா?

இனி, டிஸ்னிக்காரன் குப்பையைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பொம்மை விற்கிறான் என்பீர்கள். சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் படத்தைப் பார்க்காமலே சிரிக்கலாமா? கப்பலில் இருக்கும் உடல் பருத்த மனிதர்களைக் காட்டிய விதம் எனக்கும் கொஞ்சம் உறுத்தியது, அதைக் கதைக்கத்தானே கலந்துரையாடல் வைத்தோம். அப்புறம் அந்த "எங்கட படங்களைப் போடாமல் வெள்ளைக்காரன் படம் ஏன்" என்ற கேள்வி. எங்கட படங்களை நாங்கள் போட்டபோது அங்கிருந்த கதிரைகளுக்குத் தெரியும் யார் வந்தார்கள் என்று. அந்த ஐயாவை அங்கே நான் காணவில்லை.

எனக்கு வலித்தது சிரிப்புத்தான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்புக்குப் பக்கத்தில், கொலன்னாவவில் இருக்கும் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அங்கிருந்த சனங்கள் வருடக்கணக்காகக் கத்தியும் ஒருவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் அந்த மேட்டைக் காட்டியபோது வோல்-ஈயின் தொடக்கக் காட்சிதான் என் கண்ணுக்குள் வந்தது, கட்டடங்களை விட உயர்ந்து நிற்கும் குப்பைக் கோபுரங்கள். அந்தச் சனங்கள் சேர்த்த குப்பையா அது? கொழும்பு முழுக்க நாங்கள் சாப்பிட்டு, வாங்கி, உடைத்து, பையில் கட்டி வாசலில் வைத்தது. விடிய வந்து அதை அள்ளுகிறவரின் முகத்தை எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? இந்தப் படம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாக அந்த அள்ளுகிறவனை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறது, அவனுக்கும் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள ஆசை இருக்கும் என்கிறது. இதைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வந்தது?

கொலன்னாவப் பக்கம் இதே படத்தைத் திரையிடப் போகிறேன், சிங்களப் பிள்ளைகளும் பெரியவர்களும் வரட்டும், வசனம் ஒரு பிரச்சினையே இல்லை. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் இரவல் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.