வண்டி எங்களுடையது, பெயர் வேறொருவருடையது

மலேசியாவின் காப்பாரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பிரைம் மூவருக்கு, அதாவது கொள்கலன் ட்ரெய்லரை இழுக்கும் லோரிக்கு, மாதத் தவணை கட்டுவது நாங்கள். டயர் மாற்றுவதும் நாங்கள். ட்ரெய்லரையும் சேர்த்தால் 22 டயர். போக்குவரத்து அபராத சம்மன் வந்தாலும் எங்கள் கைக்காசுதான். ஆனால் வண்டியின் கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தைப், பிரித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பெயர் எந்த மூலையிலும் இருக்காது.

இதற்குத்தான் பாஜாக் என்று பெயர். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' பெர்மிட் வேண்டும். அது கம்பெனிக்காரர் கையில் இருக்கிறது. அவர் பெயரில் வண்டியைப் பதிந்து, அந்தப் பெயருக்காக மாதாமாதம் நாங்கள் பணம் கட்டுகிறோம். லோன், ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் எங்கள் தலையில். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் என் வீட்டுக்காரர் இல்லாததால் ஈபிஎஃப் என்ற சேமநிதியும் கிடையாது.

கணக்கு நோட்டு எழுதுவது நான். அதனால் சொல்கிறேன், டீசலைவிட எங்களை அதிகம் தின்பது காத்திருப்புதான். கிள்ளான் துறைமுகம் 2024-இல் 14 மில்லியனுக்கும் மேற்பட்ட டிஇயு (இருபது அடிப் பெட்டிக் கணக்கு) கொள்கலன்களைக் கையாண்டது. பெருமையான செய்திதான். அந்தப் பெட்டிகளில் ஒன்றை எடுக்க இவர் துறைமுக கேட்டில் நிற்பார். மேருவில் தொழிற்சாலை வாசலில் இறக்கும்வரை நிற்பார். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க டிப்போவில் மறுபடியும் வரிசை. கூலி ட்ரிப்புக்குத்தான், நின்ற நேரத்துக்கு ஒரு காசு கிடையாது. பெர்மிட் பணத்துக்கோ ட்ரிப் கணக்கு தெரியாது, முதல் தேதி வந்தால் கட்டியாக வேண்டும். பகலில் ஒரு ட்ரிப் கைநழுவினால் இரவில் இன்னொன்று எடுக்கிறார். தூக்கம் அங்கேதான் போகிறது.

2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். சரக்கு லோரிகளுக்குப் பழைய விலையில் போட கார்டு கொடுத்தார்கள். நல்ல திட்டம். எங்கள் வண்டிக்கான கார்டும் கம்பெனி பெயரில்தான். அது கைக்கு வரும்வரை முழு விலைக்கே எண்ணெய் ஊற்றினோம். அந்தப் பக்கங்களை நோட்டில் புரட்ட இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை.

2025 மே 13, தெலுக் இந்தான். கல் ஏற்றிவந்த லோரி மோதி எஃப்ஆர்யூ (கலகத் தடுப்புப் படை) போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அன்று இவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே கிரிக்கில் பஸ் கவிழ்ந்து 15 மாணவர்கள் போனார்கள். அதன்பிறகு பாஜாக் முறைக்கு முடிவுகட்டப் போவதாக அரசாங்கம் சொன்னது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பெர்மிட்டை விற்றுத் தின்பவருக்கு பிரேக் எப்படி இருக்கிறது, ஓட்டுபவர் எத்தனை மணிநேரம் தூங்கினார் என்று கவலை வராது. அவருக்கு வருமானம் முதல் தேதியே வந்துவிடுகிறது.

ஆனால் ஒழிப்பது எப்படி என்பதில்தான் என் வயிறு கலங்குகிறது. பாஜாக் செல்லாது என்று ஒருநாள் சட்டம் வந்தால், காகிதத்தில் வண்டி யாருடையது? கம்பெனிக்காரருடையது. 'உன் வேலை முடிந்தது, சாவியைக் கொடு தம்பி' என்று அவர் சொன்னால், இத்தனை வருடம் கட்டிய தவணைக்கு யார் பதில் சொல்வது?

என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரமும் தோட்டத்துடையது, குடியிருந்த லயமும் தோட்டத்துடையது. தோட்டத்தை விற்றபோது சாமான்களை ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்றுதான் அவர் மகன் ஸ்டீயரிங் பிடித்தார்.

ஆகவே நம் ஒய்பிக்களிடம் (மக்கள் பிரதிநிதிகளிடம்) நான் கேட்பது இதுதான்: பாஜாக்கை நிறுத்தும் அதே நாளில், தவணை கட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் பெயருக்கு பெர்மிட்டும் கிராண்டும் மாற வழி செய்யுங்கள். பெரிய கம்பெனி, பெரிய மூலதனம் என்று கேட்காமல் ஒற்றை வண்டிக்காரருக்கும் 'ஏ' பெர்மிட் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துப் பேசுங்கள்.

பாஜாக் வண்டி ஓட்டும் வீடுகளில் இருக்கும் அக்கா தங்கைகளே, பேங்க் ரசீது, டயர் பில், பெர்மிட் பணம் அனுப்பிய ஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நான் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். அந்த வண்டி எங்களுடையது என்பதற்கு எங்களிடம் வேறு சாட்சி இல்லை.