தோற்கக் காசு இருந்தவர்கள்

கடன் அட்டை பிறந்த கதையைச் சொல்லும் அந்தக் கல்லூரி மேடைப் பேச்சுக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். குடும்பக் குழு, பள்ளித் தோழிகள் குழு, அடுக்ககச் சங்கக் குழு என்று ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. தோற்றாலும் தாங்கக் காசு இருந்தவன்தான் ஜெயித்தான் என்று அதன் கீழே நான் எழுதிய சின்னக் கருத்துக்கு வந்த பதில்களையும் படித்தேன். எதிலும் குறை காண்பவளாம் நான். இன்னொருவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: பொறாமை. கடன் அட்டை நடத்தும் வீசா நிறுவனத்தின் மீது எனக்குப் பொறாமை! இருக்கட்டும்.

பேச்சாளர் சொன்ன வீசா கதை இதுதான்: நியூயார்க் உணவகம், மறந்துபோன பர்ஸ், பட்ட அவமானம், அதில் பிறந்த கடன் அட்டை, உலகை வென்ற ஒரு தனிமனிதக் கனவு. அதுவரைக்கும் எனக்கு வருத்தமில்லை, மேடைக்கு அந்த மசாலா வேண்டும்தான். அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாரே, அதுதான். நம் அண்ணாச்சிக் கடைக்காரர்களுக்குக் கடன் கொடுக்கவும் தெரியவில்லை, வசூலிக்கவும் தெரியவில்லை, துணிச்சலும் கிடையாது என்றார். அரங்கமே கைதட்டியது.

பர்ஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பர்ஸ்காரர் ஃபிராங்க் மெக்நமாரா 1950இல் டைனர்ஸ் கிளப் என்ற அட்டை நிறுவனத்தைத் தொடங்கியது உண்மை. பர்ஸை மறந்த இரவு மட்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. விளம்பரத்துக்காக மெருகேற்றப்பட்டது என்ற பேச்சும் நெடுநாளாக உண்டு. பேச்சாளர் விட்டுவிட்ட மிச்சக் கதை இது: 1952இலேயே தன் பங்கைச் சுமார் 2 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். இப்படிப்பட்ட பிறப்புக் கதைகள் பெரிய நிறுவனங்களுக்கு எப்போதும் தேவைப்படுகின்றன. நிறுவனரின் வருங்கால மனைவி 'பெஸ்' என்ற மிட்டாயின் டப்பாக்களைச் சேகரிப்பதற்காகத்தான் ஈபே ஏலத் தளம் உருவானது என்று ஒரு கதை நிருபர்களிடம் சொல்லப்பட்டது. அது விளம்பரப் பிரிவு கட்டியது என்பது பிறகு வெளியே வந்தது.

சரி, வீசா எங்கிருந்து வந்தது? யாருடைய அவமானத்திலிருந்தும் இல்லை. அன்றைக்கு உலகிலேயே பெரிய வங்கியாக இருந்த பாங்க் ஆஃப் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு அந்த வங்கி தபாலில் அட்டைகளை அனுப்பியது. யாரும் விண்ணப்பிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. உறையைப் பிரித்தால் உள்ளே 300 டாலரோ 500 டாலரோ கடன் வசதி. ஃபிரெஸ்னோ ஏன்? அந்த ஊரில் ஏறக்குறைய 45 சதவீதக் குடும்பங்கள் ஏற்கெனவே அந்த வங்கியின் வாடிக்கையாளர்கள். திட்டம் கவிழ்ந்தாலும் செய்தி வெளியே பரவாத அளவுக்குச் சின்ன ஊர். துணிச்சல் என்று கைதட்டினீர்களே, அது இவ்வளவு கணக்கோடு எடுத்து வைத்த அடி.

எனக்கு இதில் மிகவும் உறைத்த இடம் வேறு. வங்கியின் ஆட்கள் சியர்ஸ் போன்ற பெரிய கடைகளை நம்பி இறங்கவில்லை. சொந்தமாகக் கடன் நோட்டு வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு பாக்கி என்று இரவில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்த சிறு கடைக்காரர்களிடம் போனார்கள். கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், விற்பனையில் 6 சதவீதம் வரை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். ஆக, அமெரிக்காவிலும் அண்ணாச்சிகள் இருந்தார்கள். அவர்களுடைய நோட்டைத்தான் வங்கி வாங்கிக்கொண்டது.

வாங்கியவர்களுக்காவது வசூலிக்கத் தெரிந்ததா? 1959 முடிவதற்குள் கலிபோர்னியா முழுவதும் சுமார் 20 லட்சம் அட்டைகள். 4 சதவீதம் பேர் கெடு தாண்டுவார்கள் என்று போட்ட கணக்கு 22 சதவீதத்தில் போய் நின்றது. திருடப்பட்ட அட்டைகள், மோசடிகள் வேறு. கணக்கில் காட்டிய நஷ்டம் 88 லட்சம் டாலர். விளம்பரமும் மற்றச் செலவுகளும் சேர்ந்தால் 2 கோடி டாலரை நெருங்கும். திட்டத்தின் தலைவர் ஜோசப் வில்லியம்ஸ் வெளியேறினார். வங்கி வெளியேறவில்லை, அதனால் தாங்க முடிந்தது. 1961இல் லாபம் வரத் தொடங்கியபோது அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டது, போட்டியாளர்கள் பயந்தபடியே இருக்கட்டும் என்று.

கடன் கொடுக்கத் தெரிந்தவன் ஜெயித்தான் என்பது பொய். தோற்றாலும் தாங்குவதற்குக் காசு இருந்தவன் ஜெயித்தான். இதைத்தான் அன்றைக்கும் எழுதினேன். இதற்குத்தான் பொறாமைப் பட்டம்.

என் அப்பா குரோம்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். பக்கத்திலிருந்த தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் குடும்பங்கள்தான் பெரும்பாலான வாடிக்கை. "நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்பார்கள், சம்பள நாளில் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். ஒருநாள் அந்தத் தொழிற்சாலையைக் கதவடைப்புச் செய்தார்கள். முதல் மாதம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது மாதமும் அரிசி கொடுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்றார். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஊரைக் காலி செய்தது. மொத்த விற்பனைக் கடைக்காரர் அப்பாவிடம் இரண்டு மாதம் பொறுக்கவில்லை. கடை போயிற்று. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே அவரை ஏமாளி என்றார்கள், எங்கள் காதில் விழும்படியாகவே.

ஃபிரெஸ்னோவில் பெரிய வங்கி செய்ததற்குப் பெயர் புதுமை. அதையே, அதைவிட ஆள் பார்த்து, முகம் பார்த்து, நிதானமாகச் செய்த என் அப்பாவுக்குப் பெயர் ஏமாளி. இருவருக்கும் நடுவில் அறிவு வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, கையிருப்பு வித்தியாசம்தான் தெரிகிறது.

டீ ஹாக் என்ற மனிதரின் திறமையை மறைக்கிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். மறைக்கவில்லை. அந்த அட்டையை வெளியிட்டுவந்த, ஒன்றையொன்று நம்பாத வங்கிகளை 1970இல் ஒரே அமைப்புக்குள் உட்கார வைத்தவர் அவர்; 1976இல் அதற்கு வீசா என்று பெயர் வந்ததும் அவர் காலத்தில்தான். பெரிய வேலைதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வங்கிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காமல் அட்டை அனுப்பக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டது 1970இல். அதற்குள் கோடிக்கணக்கான அட்டைகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1978இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியையே நாடு முழுவதும் வாங்கலாம் என்றது. 1980இல் தெற்கு டகோட்டா மாநிலம் வட்டி உச்சவரம்பை நீக்கியது, சிட்டி பாங்க் தன் அட்டைத் தொழிலை அங்கே கொண்டுபோயிற்று. இங்கே மட்டும் என்ன? தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தது. கடன் அட்டைக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தெருமுனையில் வட்டிக்கு விடுபவர் வாங்கினால் குற்றம், அட்டையில் தேய்த்து வாங்கினால் நிதிச் சேவை.

நஷ்டத்தைத் தாங்குவதும் துணிச்சல்தானே என்று நிதித்துறையில் வேலை செய்கிற நண்பர் நாகரிகமாகக் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயம்தான். அமேசான் 1994இல் தொடங்கி முதல் முழு ஆண்டு லாபத்தைக் காட்டியது 2003இல். 2009இல் பிறந்த ஊபர் முதன்முதலாக ஒரு முழு ஆண்டுக்குச் செயல்பாட்டு லாபம் பார்த்தது 2023இல். இத்தனை வருடம் நஷ்டத்தில் ஓடியது யாருடைய காசில்? முதலீட்டாளர் காசில். அடுத்தவர் காசில் தோற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சொந்தக் கல்லாவிலிருந்து தோற்றவர் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

நம்மவர்களுக்குத் துணிச்சல் இல்லையாம். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி ரங்கூனில் கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை, வைத்தவர்களுக்கு எந்த அரசின் காப்புறுதி இருந்தது? 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கையில் இருந்தது. பர்மிய விவசாயியின் நிலம் அல்லவா அது என்று கேட்பீர்கள். ஆமாம், விலை வீழ்ந்த காலத்தில் கடனுக்காகக் கைமாறிய நிலம், அந்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. அதை வேறொரு நாள் பேசலாம். 1942இல் ஜப்பானியப் படை வந்தது, 1948இல் நிலச் சட்டம் வந்தது, எல்லாம் போயிற்று. அவர்களைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதே சமூகத்திலிருந்துதான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார், காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில். இந்த வரலாற்றுக்கு மேடையில் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை, பர்ஸுக்குக் கிடைத்தது.

இதற்கு மேல் நான் பதில் எழுதுவதாக இல்லை. ஒருவனுக்கு மட்டும் எழுத வேண்டும். குடும்பக் குழுவில் பெரியப்பா மகன், "சித்தப்பா நல்ல மனிதர்தான் அக்கா, ஆனால் அவருக்கு வியாபாரம் வராது" என்று எழுதி, கீழே கைகூப்புகிற படமும் போட்டிருக்கிறான்.

தம்பி, அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக் குடும்பங்களின் பக்கங்களில் பாதிக்கு மேல் வரவு எழுதியிருக்கிறது, ஊரை விட்டுப் போன பிறகும் மணியார்டர் அனுப்பித் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. தீபாவளிக்கு வாங்கிய எண்ணெயிலிருந்து நீ கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பால்மாவு வரைக்கும் எல்லாம் பற்று. வரவுப் பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை. பெரியப்பாவிடம் கேட்டுப் பார். வட்டி வேண்டாம்.