நூறு சதவீதம்

(போட்டோ ஸ்டூடியோ. பெரியவர் தாம்பூலப் பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கேபிளைப் பம்பரக் கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றியிருக்கிறார்.)

பெரியவர்: இதில் பெண்ணின் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை தம்பி.

ஸ்டூடியோக்காரர்: நேற்று கம்ப்யூட்டரிலிருந்து எப்படி எடுத்தீர்கள் ஐயா?

பெரியவர்: கையால்தான்.

ஸ்டூடியோக்காரர்: ஐயையோ! நான் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் பிடுங்கிவிட்டீர்களா?

பெரியவர்: பச்சைக்கோடு முழுசாக ஓடியது. நூறு என்றது. அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது, நூற்றிப் பத்தா?

ஸ்டூடியோக்காரர்: அந்த நூறு வேறு ஐயா. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அப்புறம்தான் எழுதும். ரைட் கேஷ் என்பார்கள்.

பெரியவர்: கேஷா? அட்வான்ஸ் ஐயாயிரம் கேஷாகத்தானே கொடுத்தேன்!

ஸ்டூடியோக்காரர்: அந்தக் கேஷ் இல்லை. டிஸ்க் மெதுவானது, நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்காக...

பெரியவர்: பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி மூன்று வருஷம் காத்திருந்தவன் நான். அரை நிமிஷம் காத்திருக்க மாட்டேனா?

ஸ்டூடியோக்காரர்: வெளியே செருகுகிற டிஸ்க்குக்கு இந்தக் கேஷ் சாதாரணமாக இருக்காது. விண்டோஸ் 10-ல், 1809-லிருந்தே அணைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

பெரியவர்: 1809-ல் ஏது தம்பி கம்ப்யூட்டர்?

ஸ்டூடியோக்காரர்: பதிப்பு எண் ஐயா. வருஷம் 2018. வேகமாக ஏறட்டும் என்று நான்தான் 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி வைத்தேன்.

பெரியவர்: அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, நான் பிடுங்குகிற ஆள் என்று. நேரில் பார்த்த உனக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோக்காரர்: 'சேஃப்லி ரிமூவ்' என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டு, எடுக்கலாம் என்று சொல்லும்.

பெரியவர்: அது எங்கே இருக்கிறது?

ஸ்டூடியோக்காரர்: இங்கே, கீழே ஓரத்தில். இந்தச் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிப் படம் வரும் பாருங்கள்.

பெரியவர்: முடியாததற்கு இத்தனை பெரிய பச்சைக்கோடு. முடிந்ததைச் சொல்ல மூக்குத்தி அளவு படம், அதுவும் ஒளித்து வைத்து!

ஸ்டூடியோக்காரர்: டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு கேஷும் உண்டு ஐயா. 64 எம்பி, 256 எம்பி என்று.

பெரியவர்: அதுவும் எழுதாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லுமா?

ஸ்டூடியோக்காரர்: சொல்லும்.

பெரியவர்: போன மாசம் ரேஷனில் பருப்பு வரவில்லை. வாங்கிவிட்டீர்கள் என்று போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. அது எந்தக் கேஷ்?

ஸ்டூடியோக்காரர்: (செருகிப் பார்த்து) டிஸ்க் சுத்தமாகக் காலியாக இருக்கிறதே! பிடுங்கினால்கூட இப்படி ஆகாது. வீட்டில் ஏதாவது செய்தீர்களா?

பெரியவர்: ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. மாப்பிள்ளை சரி என்று அழுத்திவிட்டார். கல்யாணமாகி நாலு நாள். அவரை என்ன சொல்வது?

ஸ்டூடியோக்காரர்: ...

பெரியவர்: விடு. உன்னிடம் இருக்கிறதை இன்னொரு தடவை போடு.

ஸ்டூடியோக்காரர்: இங்கே இடம் இல்லை என்று காப்பி போடாமல் 'கட்' பண்ணி, மொத்தத்தையும் அதற்கே மாற்றிவிட்டேன் ஐயா.

பெரியவர்: கேமரா கார்டு?

ஸ்டூடியோக்காரர்: நேற்று சாயங்காலம் ஒரு வளைகாப்பு...

(பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.)

ஸ்டூடியோக்காரர்: பயப்படாதீர்கள். ரெகவரி சாஃப்ட்வேர் போட்டால் நூறு சதவீதம் வந்துவிடும்.

பெரியவர்: எந்த நூறு?