பெட் சவுண்ட்ஸ் ஃப்ளாப்புனு யாருங்க சொன்னா?

மேல ஒருத்தர், அமெரிக்க பேண்ட் பீச் பாய்ஸோட பெட் சவுண்ட்ஸ் ஆல்பம் 1966ல வந்தப்போ எவனும் சீண்டல, ரொம்ப வருஷம் கழிச்சு விமர்சகருங்கதான் தூக்கிவிட்டாங்கன்னு அடிச்சு விடுறாரு. பாதிதான் சரி பாஸ். அமெரிக்காவுல முந்தின ஹிட் ஆல்பங்க அளவுக்குப் போகலதான், ஆனாலும் ஆல்பம் சார்ட்ல 10வது இடம் வரைக்கும் ஏறுச்சு. அத வெளியிட்ட கேபிடல் கம்பெனியே ரெண்டு மாசத்துக்குள்ள அவங்க பழைய பாட்டுங்கள தொகுத்து இன்னொரு ஆல்பத்த போட்டியா இறக்கினப்புறம் எப்படிங்க விக்கும்? பிரிட்டன்ல அதே வருஷம் 2வது இடம், பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியே இதுக்கு ஃபேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, தப்பில்ல, எனக்கே அதுல ஸ்லூப் ஜான் பி பாட்டு ஒட்டாமத்தான் நிக்குது. ஆனா கடைசிப் பாட்டு கரோலைன் நோ முடியுறப்போ ரயில் சத்தத்தோட, பேண்டோட மூளையான பிரையன் வில்சன் வளர்த்த நாய்ங்க குலைக்குமே, அத ஹெட்போன்ல ஒருக்கா கேட்டுட்டு வாங்க, அப்புறம் ஓவர்ரேட்டடான்னு பேசலாம்.