அந்த எக்செல் ஃபைலும் நம்ம ஊர் அக்கறைக்காரர்களும்

போதைப் பழக்கம் இருக்கிற பள்ளிப் பையன்களின் பெயர்ப் பட்டியல் போட்ட எக்செல் ஃபைல் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறதே, அது பற்றி எல்லாரும் எழுதி முடித்துவிட்டீர்கள். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு நண்பர், "நல்ல நோக்கத்துல செஞ்சது, டெக்னாலஜி தெரியாம சொதப்பிட்டாங்க, இதைப் போய் ஊதிப் பெரிசாக்கறீங்களே" என்று கமெண்ட் போட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

சொதப்பலா? பதினோராம் வகுப்புப் பையன் பெயர், அப்பா பெயர், போன் நம்பர், தெரு. அப்புறம் 'பயன்படுத்தும் பொருள்' என்று ஒரு கட்டம். அதில் கஞ்சா, மாத்திரை, கூல் லிப் (வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலம்) என்று தனித்தனியாகப் பிரித்து நிரப்பியிருக்கிறார்கள். மெனக்கெட்டு உட்கார்ந்து தட்டச்சு செய்த வேலை அது. ஆசிரியர், போலீஸ்காரர், தொண்டு நிறுவனத்து ஆட்கள், வார்டு பிரமுகர்கள் என்று பாதி ஊர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டிருக்கிறார்கள். குழுவுக்குப் பெயர் சிகிச்சை ஒருங்கிணைப்புக் குழு. காலையில் போட்டது, சாயங்காலம் எங்கள் குடியிருப்போர் சங்கக் குழுவுக்கே வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக எந்தப் பையனுக்காவது சிகிச்சை கிடைத்திருக்கிறதா?

'நீ டெக்னாலஜிக்கே எதிரி' என்று சொல்ல ஆள் தயாராக இருக்கும். அவர்களுக்காக என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். (ஃபைல் போட்டவர்கள் கவனிக்க: கேட்பது என்று ஒன்று உண்டு.)

பிளஸ் டூ படிக்கும்போது அவன் வலி மாத்திரைக்கு அடிமையானான். ஒரு ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்தோம். டாக்டர் நல்ல மனிதர், நர்சுகளும் அப்படியே. டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்த பிறகுதான் சிக்கல். வேறு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊரில் மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தால், அங்கே என்ன மருந்து கொடுத்தார்கள் என்று இவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பாதி வாசிக்க முடியாத கையெழுத்து. ஆலோசகர் வேறு கட்டடம், அவருக்குத் தனி நோட்டு. போகிற இடமெல்லாம் 'எப்போ ஆரம்பிச்சே, யார் கொடுத்தா, வீட்டில் திருடினியா' என்று அவனை முதலிலிருந்து கேட்டார்கள். ஒரு நாள் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இவங்களுக்கெல்லாம் நான் ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அதன் பிறகு ரிவ்யூவுக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று எங்கிருந்தும் ஒரு போன் இல்லை. திரும்பவும் மாத்திரைக்குப் போனான். மறுபடி இழுத்து வந்தது என் அக்கா, எந்த சிஸ்டமும் இல்லை.

அப்போதிலிருந்து நான் கத்துவது ஒன்றைத்தான். கம்ப்யூட்டர் இங்கேதான் வேண்டும். அட்மிஷனிலிருந்து ஓபிக்கு, ஓபியிலிருந்து ஆலோசகருக்கு, பையன் கைமாறுகிற இடங்களில். மருந்துப் பட்டியல் அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். ரிவ்யூ தேதி தவறினால் மறுநாளே ஒரு ஆளுக்குத் தகவல் போய், அவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். எந்த மையத்தில் படுக்கை காலி என்று வீட்டிலிருந்தே தெரிய வேண்டும். பள்ளிக்கு 'பையன் மருத்துவ விடுப்பில் இருக்கிறான்' என்பது போதும். போலீசுக்கு அதுவும் வேண்டாம். யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பையனையும் பெற்றவர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும், யார் திறந்து பார்த்தார்கள் என்பது பதிவாக வேண்டும். 

நம்பருக்குப் பஞ்சமில்லை. போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416, பொதுவாக 104. விற்பவனைக் காட்டிக்கொடுக்க 10581. எல்லாம் நல்லதுதான். 2025ல் அரசு ஆஸ்பத்திரிகளில் போதை மீட்புக்கான கலங்கரை மையங்களும் திறந்தார்கள், அதையும் வரவேற்றுத்தான் எழுதினேன். போனை வைத்த பிறகு, மையத்தை விட்டு வந்த பிறகு, அந்தப் பையன் யார் கையில் என்பதுதான் என் கேள்வி.

"போதைப் பழக்கம் இருக்கிறவனுக்கு என்னய்யா ரகசியம்?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். ஐயா, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மனநோய் என்பதற்குள் மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த நிலைகளும் அடக்கம். அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. போதைப் பொருள் வழக்குகளுக்கான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய வழக்கில் சிக்கியவன் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இதெல்லாம் பரிதாபப்பட்டு எழுதியது இல்லை. பெயர் வெளியே போகும் என்று தெரிந்தால் எவனும் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டான். அமெரிக்காவில் போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கென்றே தனி ரகசிய விதிகள் 1970களிலிருந்து இருக்கின்றன. அங்கே அப்போது வாட்ஸ்அப் கூட இல்லை. இங்கே மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019ல் வெளியான கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். அந்த ஒருவரையும் ஓட வைக்கத்தான் இந்த ஃபைல்.

"ஆளும் இல்லை, காசும் இல்லை, இருக்கிறதை வச்சுத்தானே செய்யணும்?" இது நியாயமான கேள்வி. கள வேலை செய்கிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். சரி, பெயருக்குப் பதிலாக எண் போடக் காசா? ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு போட டெண்டர் விட வேண்டுமா? "பெற்றோருக்குத் தெரியக் கூடாதா?" தெரியட்டும் சார், எங்கள் சங்கச் செயலாளருக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் "லிஸ்ட் இருந்தாத்தானே விக்கிறவனைப் பிடிக்க முடியும்" என்கிறார்கள். ஆகா! அந்த ஷீட்டில் பையன் தெரு இருக்கிறது, அப்பன் வேலை இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்ற மெடிக்கல் பெயருக்கு ஒரு கட்டம் உண்டா? பள்ளி வாசலில் கூல் லிப் விற்கிற பெட்டிக்கடைக்கு? சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுத்தவனுக்கு ஏழு வருஷம் வரை சிறை. அப்படி விற்கிறவர்கள் லிஸ்டை யாராவது எக்செல்லில் போட்டு எனக்கு அனுப்புங்களேன், நானே ஃபார்வர்டு செய்கிறேன். போட மாட்டீர்கள். கடைக்காரர் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்கிறவர். பையன் யாருக்கு என்ன கொடுத்தான்?

நேற்று எங்கள் குழுவில் அந்த லிஸ்டை ஒருவர் வரி வரியாகப் படித்து, 'இது நம்ம மூணாவது மாடிப் பையன்தானே' என்று எழுதினார். கீழே எத்தனை கட்டைவிரல் தெரியுமா! அந்தப் பையன் அம்மாவும் அதே குழுவில் இருக்கிறார். எழுதும்போது கை நடுங்குகிறது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபைல் போனில் இருக்கிறவர்கள் இப்போதே அழித்துவிடுங்கள். இதைப் படித்துவிட்டும் "எனக்கு அந்த லிஸ்ட் வரலை, அனுப்ப முடியுமா" என்று இன்பாக்ஸில் கேட்டால் பிளாக் செய்வேன். நேற்றே சிலரைச் செய்தாயிற்று.