துபாயில் பொங்கலுக்கு விடுமுறை கிடையாது

வெளிநாட்டில் இருப்பவர்கள் பண்டிகையன்று ஊருக்கு அடிக்கடி போன் பண்ணினால் மனசு லேசாகும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். துபாயில் வேலை பார்க்கும் நான், நேரம் பார்த்துப் பேசுவதுதான் நல்லது என்பேன். துபாய் நேரம் நம்மூரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 6.30 என்றால் அங்கே 8 மணி. வாசலில் பானை பொங்கிக்கொண்டிருக்கும், அம்மாவுக்குப் பேச எங்கே நேரம்? அரைகுறையாகப் பேசி வைத்தால் அன்று முழுக்க மனசு எதிலும் ஒட்டாது. அதனால் நாங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமாகப் பேசுகிறோம்.

எங்கள் அறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெருநாளன்று இஸ்லாமிய நண்பர்களின் ஷிப்டை நாங்கள் பார்ப்போம், பொங்கலன்று எங்களுடையதை அவர்கள் பார்ப்பார்கள். கராமா பக்கம் இருக்கும் நம்மூர்க் கடைகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் முந்தின நாளே வாங்கிவிடுவோம். இண்டக்‌ஷன் அடுப்பு, எவர்சில்வர் பாத்திரம். பால் விளிம்புக்கு ஏறும்போது பயந்து சூட்டைக் குறைக்காமல் இருந்தால் நன்றாகவே பொங்கும். பக்கத்து அறை நேபாளத்துக்காரர்களும் சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” என்று கத்துவார்கள். அப்போது வருகிற சந்தோஷம் உண்மையிலேயே பெரிது.

புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, அன்றைக்குக் கட்டிலில் படுத்தபடி ஊர்க்காரர்கள் போடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தள்ளிக்கொண்டிருக்காதீர்கள். முந்திரி உடைக்கவாவது சமையலறைக்கு வாருங்கள்.